வராத பிள்ளைக்கும் ஒரு மணி

இந்த வருஷப் போட்டியை ஏற்று நடத்தப்போகும் உங்கள் ஆறு பேருக்கும் என் அன்பு. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, நீங்கள் செய்யப்போகும் மாற்றங்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அந்தத் தாளை நான்கு முறை படித்துவிட்டேன். பெயர்ப் பதிவு எல்லாம் இனி போனிலேயே. நல்லது. ஓவியப் போட்டியின்போது பெற்றோர் ஜன்னல் பக்கம் வராதபடி கயிறு கட்டுவது. மிக நல்லது. "ஏட்டி, வானத்துக்கு நீலத்தப் போடு, நீலத்தப் போடு" என்று வெளியே நின்று கத்தும் அம்மாக்களை இருபது வருஷம் விரட்டிக் களைத்தவள் நான். நடுவர்களுக்கு மதியம் பிரியாணி வேண்டாம், தூக்கம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் புத்தி எனக்கு ஏன் வரவில்லை என்று சிரித்துக்கொண்டேன்.

ஐந்தாவது வரியில்தான் சிரிப்பு நின்றது. "வராத போட்டியாளருக்காக இரண்டு முறை மணி அடித்து, அறிவித்து, மூன்று நடுவர்களிடமும் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். நேரம் மிச்சமாகும்." எழுதியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. நியாயமான யோசனைதான். வராத ஆளுக்கு எதற்கு மணி? உங்கள் வயதில் இருந்திருந்தால் நானும் இதைத்தான் எழுதியிருப்பேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற வாத்திச்சியிடம் பேச்சுக் கொடுத்தது உங்கள் தப்பு.

எனக்குப் பாட்டு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தாலாட்டுப் பாடினால் தூங்குகிற என் பிள்ளைகள் எழுந்து அழுவார்கள். நான் கணக்கு டீச்சர். ராஜபாளையத்தில் நம் அறக்கட்டளை பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, வாத்தியம், ஓவியம் என்று போட்டி வைத்தபோது, பாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் நடுவராகத்தான் வருவேன் என்றார்கள். மார்க்கைக் கூட்டிப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். அப்படி வந்தவள் செயலாளராகி, ஒரு பித்தளைக் கைமணியோடு இருபத்து மூன்று வருஷம் இருந்துவிட்டேன்.

நடுவர்களுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை கட்டுகிறோமே, அது என் காலத்தில் வந்ததுதான். யார் வீட்டுப் பிள்ளை, எந்த வாத்தியாரிடம் படிக்கிறது, என்ன உடுத்தியிருக்கிறது என்று எதுவும் தெரியாமல் காதை மட்டும் வைத்து மார்க் போடட்டும் என்று செய்தோம். முதல் வருஷம், "பதினொண்ணு, நம்ம சார் பொண்ணு" என்று ஒரு தொண்டர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். ஹாலே சிரித்தது. அடுத்த வருஷமே பேச்சையும் தடை செய்தேன். திரை கட்டிய பிறகு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மணி ஒரு முறை அடித்தால் அடுத்த பிள்ளை பாடப்போகிறது என்று அர்த்தம். நடுவர்களிடம் காலையில் நான் சொல்வது ஒரே வாக்கியம்: "ஒரு மணிக்கு ஒரு வரிசை." அவர்கள் கையில் இருக்கும் தாளில் ஒன்றிலிருந்து வரிசை எண்கள் அச்சாகியிருக்கும். மணி கேட்க, அடுத்த வரிசைக்குப் போக, மார்க் போட. இதைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு நானே கொஞ்ச நாள் முதுகில் தட்டிக்கொண்டதும் உண்டு.

நான் சொல்லப்போகும் வருஷம் பாட்டுப் போட்டிக்கு இருபத்திரண்டு பிள்ளைகள். முதலில் வருபவருக்கு நம் உதவித்தொகை. மதுரையில் இசைக் கல்லூரியில் சேர்ந்து படிக்க மூன்று வருஷச் செலவையும், விடுதியோடு சேர்த்து, அறக்கட்டளை ஏற்கும். அன்றைக்கும் ஒன்றே ஒன்றுதான், இன்றைக்கும் ஒன்றே ஒன்றுதான். இரண்டாம், மூன்றாம் இடத்துக்குக் கேடயம்.

ஏழாம் எண் பிள்ளை வரவில்லை. நடைபாதையில் போய்ப் பார்த்தேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், இரண்டு நிமிஷம் காத்திருந்தேன். "வரல டீச்சர், எட்ட உள்ள விடட்டுமா?" என்று கதவருகே நின்ற தொண்டர் கேட்டார். "விடு" என்று கையைக் காட்டிவிட்டு மணியை ஒரு முறை அடித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. கைகாட்டினேன், மணி அடித்தேன். இரண்டு விநாடி வேலை.

திரைக்கு அந்தப் பக்கம் மூன்று நடுவர்களும் ஏழாவது மணியைக் கேட்டார்கள். ஏழாம் வரிசையில் எட்டாம் எண்ணின் மார்க்கைப் போட்டார்கள். அங்கிருந்து கடைசி வரைக்கும் எல்லாப் பிள்ளைகளின் மார்க்கும் ஒரு வரிசை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. மூன்று பேரும் ஒன்றுபோலத் தப்பாக எழுதினார்கள். ஏனென்றால் மூன்று பேரும் நான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டவர்கள்.

பதிமூன்றாம் எண் எஸ்தர். சோழபுரத்துப் பிள்ளை, பதினாறு வயது, நல்ல உயரம். அப்பா இல்லை. அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. சர்ச் பாடகர் குழுவில் பாடிப் பழகிய கனத்த குரல். நன்றாகத்தான் பாடினாள். நடுவில் ஓர் அடி மறந்துபோய்ச் சட்டென்று தடுமாறிச் சமாளித்தாள். பாடி முடித்துவிட்டு மேடைப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பதினான்காம் எண் கௌசல்யா. கூமாப்பட்டியிலிருந்து மூன்று பஸ் மாறி அப்பாவோடு வந்திருந்தாள். சின்ன உருவம். அவளுக்காக மைக் கம்பத்தை இறக்கி வைக்கவேண்டியிருந்தது. அவள் பாட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கரண்டு போய்விட்டது. மின்விசிறி நின்றது, மைக் செத்தது, ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த சுருதியும் நின்றுபோனது. ஜெனரேட்டரைக் கிளப்ப ஓடினார்கள். நான் மணியைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தச் சொல்லலாமா வேண்டாமா என்று விழித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, அந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி பாடிக்கொண்டே போனாள். மூன்று நிமிஷம் இருக்கும். ஜெனரேட்டர் கிளம்பி, சுருதி மறுபடி ஒலித்தபோது அவள் குரலும் சுருதியும் ஒரே இடத்தில் நின்றன. பாட்டுத் தெரியாத எனக்கே உடம்பு சிலிர்த்தது.

சாயங்காலம் மார்க்குகளைக் கூட்டினோம். கூட்டியவர்கள் இரண்டு பேர், சரிபார்த்தது நான். வராத பிள்ளை ஒன்று, தாளின் கடைசியில் காலி வரிசை ஒன்று. கணக்கு இடித்தால் சந்தேகம் வந்திருக்கும். அன்றைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. காலியாக இருந்தது ஏழாம் வரிசை இல்லை, இருபத்திரண்டாம் வரிசை என்பதை முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த இந்தக் கண்கள் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை இப்படிச் செய்திருந்தால் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பேன்.

முதலிடம் பதிமூன்று என்று வந்தது. மைக்கை வாங்கி எஸ்தர் பெயரைப் படித்தேன். படிக்கும்போதே மனசுக்குள் ஏதோ இடறியது. மைக் செட்காரர் என் பக்கத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. போட்டி நடத்துவதைப் பற்றி நான் கற்றதில் பாதி அவரிடம் கற்றது. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை. "மொத வரிசை கைதட்டுதான்னு பாக்காதீக டீச்சர், கடேசி வரிசைக்குக் காது கேக்குதான்னு பாருங்க" என்பார். அவர் அன்றைக்குத் தாழ்ந்த குரலில், "டீச்சர், கரண்டு போனப்பப் பாடுச்சே அந்தப் புள்ள இல்லையா?" என்று கேட்டார்.

"மார்க் போடுறது நீங்களா நானா? நடுவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" என்று அவரை அடக்கிவிட்டேன். அடக்கம் மாதிரி இருக்கிறது, இல்லையா? பாட்டுத் தெரியாதவள் நடுவர்களை மதிக்கிறாள் என்று தோன்றும். உண்மையில் அது சோம்பல். எழுந்துபோய் ஒரு தாளைப் பார்க்க அலுப்பு. நமக்குத் தெரியாத துறை என்பதற்காக நம் காதில் விழுந்ததை நாமே நம்பாமல் போவது பெரிய வசதி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நடுவர்களில் மூத்தவரான ஓர் அம்மா காரில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "சுருதி இல்லாம பாடுனாளே அந்தப் பொண்ணு, அவளுக்குத்தான் நான் அவ்வளவு மார்க் போட்டேன். சால்வை வாங்குறப்பப் பார்த்தேன். குரலைக் கேட்டுட்டுச் சின்ன உருவமா இருப்பான்னு நெனச்சேன், இம்புட்டு உயரமா இருக்கா" என்று சிரித்தார். கார் போய்விட்டது. மைக் கம்பத்தை இறக்கி வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. 

உள்ளே ஓடித் தாள்களைப் பிரித்தேன். ஏழாம் வரிசையில் மார்க் இருந்தது. வராத பிள்ளைக்கு மார்க். மைக் செட்காரர் தன் போனை நீட்டினார். காலையிலிருந்து எல்லாவற்றையும் அதில் பதிவு செய்து வைத்திருந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து, மணிக்கு மணி எண்ணிக் கேட்டோம். பதிமூன்றாவது மணிக்குப் பிறகு கௌசல்யாவின் குரல் வந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "காப்பி சாப்பிடுங்க டீச்சர்" என்றார். அந்தக் காப்பிக்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

எஸ்தரின் சரியான இடம் நான்காவது. கேடயம்கூடக் கிடையாது.

அறக்கட்டளைத் தலைவரிடம் அன்றைக்கே போனேன். நல்ல மனிதர், எதையும் நிதானமாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "அறிவிச்சது அறிவிச்சதாவே இருக்கட்டும்மா. கூமாப்பட்டிப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

"அவளுக்குப் பதினேழு முடியப்போகுது ஐயா. அடுத்த வருஷம் போட்டிக்கே வர முடியாது."

"வேற எப்படியாவது உதவி செய்வோம்."

"கல்லூரியில சேர இன்னும் பத்து நாள்தான் இருக்கு. முதலிடம் கெடைச்சா மதுரைக்கு அனுப்புறேன், இல்லைன்னா மில் வேலைக்குச் சேத்துவிடுறதாப் பேசி வச்சிருக்கேன்னு அவ அப்பா இன்னைக்குத்தான் என்கிட்டச் சொன்னார்."

 இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுக்க வழியே இல்லையா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். அறக்கட்டளைப் பத்திரத்திலேயே ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படியே வழி இருந்தாலும் எஸ்தரிடம் உண்மையைச் சொல்லாமல் கொடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், "நீங்களே போய்ச் சொல்றீங்களா?" என்று கேட்டார். கடிதம் அனுப்பலாம், போனில் சொல்லலாம், வேறு யாரையாவது அனுப்பலாம். எல்லாவற்றையும் நான் ஏற்கெனவே யோசித்துப் பார்த்திருந்தேன். நேரில் போகாமல் தப்பிக்க எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையும் எனக்குத் தெரியும். "போறேன் ஐயா" என்றேன்.

மறுநாள் காலை சோழபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஃப்ளெக்ஸ். இரண்டு ஆள் உயரத்துக்கு எஸ்தரின் முகம். 'எங்கள் ஊரின் இசைக்குயில்' என்று சிவப்பு எழுத்தில். மூலையில் மாமாக்கள் மூன்று பேர் கும்பிட்டபடி. ஒரே ராத்திரியில் அடித்து, விடிவதற்குள் கட்டியிருக்கிறார்கள். திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் என் புத்தி முதலில் கணக்குப் போட்டது.

வீட்டில் என்னைப் பார்த்ததும் எஸ்தரின் அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. "வாங்க டீச்சர், வாங்க. ஏட்டி எஸ்தர், யாரு வந்திருக்காகன்னு பாரு! ராத்திரி பூரா இவ தூங்கலை டீச்சர். சந்தோசம் போல."

நாற்காலியில் உட்காராமலே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். ஏழாம் எண், மணி, வரிசை எல்லாவற்றையும் சொல்லி, தப்பு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன். அந்த அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"வெளையாடுதீகளா டீச்சர்?"

"இல்லம்மா."

"ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சே! ஊரு பூரா பாத்தாச்சே! இப்ப இல்லைன்னா எம்மவளத்தான் பேசுவாக. ஏமாத்தி வாங்குனா, கண்டுபிடிச்சுப் புடுங்கிட்டாகன்னு பேசுவாக. தறியில நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி நிப்பேன்? படிச்சவிய நீங்க, ஒரு மணிய ஒழுங்கா அடிக்கத் தெரியாதா?"

  அவர் கேட்டது அத்தனையும் நியாயம். எஸ்தர் எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முந்தின நாள் கொடுத்த சால்வையும் சான்றிதழும் கையில் மடித்தபடி இருந்தன. அழுதிருந்தாள்.

"கரண்டு போனப்பப் பாடுனாளே, அவளா டீச்சர்?"

"ஆமாம்மா."

"எனக்குத் தெரியும்" என்றாள். "அவ பாடும்போது நான் படியிலதான் உக்காந்திருந்தேன். பாடி முடிச்சதும், அம்மா வா நம்ம வீட்டுக்குப் போயிருவோம், இனி நமக்கு இல்லைன்னேன். அம்மாதான் இருந்து பாப்போம்னுச்சு. பொறவு எம் பேரக் கூப்புட்டீக. நான் ஒரு அடிய விட்டது எனக்குத் தெரியாதா? எப்படி எனக்குக் கெடச்சுதுன்னு ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டேதான் கெடந்தேன்."

அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் சால்வையை என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, கையை எடுக்காமல் சொன்னாள்:

"ஆனா ஒண்ணு டீச்சர். நீங்க எங்க வீட்டுக்குள்ள வந்து சொன்னது பத்தாது. எம் பேர மைக்குலதான சொன்னீக? அதே மாரி மைக்குல சொல்லணும். நான் ஒண்ணும் ஏமாத்தி வாங்கலைன்னு எல்லாரும் கேக்கணும்."

பதினாறு வயதுப் பிள்ளை. நான் அத்தனை வருஷத்தில் எத்தனையோ அதிகாரிகளை, கமிட்டிகளைப் பார்த்திருக்கிறேன். நடந்துபோன ஒரு தப்புக்கு என்ன செய்தால் நேராகும் என்று இவ்வளவு தெளிவாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. "சொல்றேன்" என்றேன். அந்த அம்மா கடைசிவரைக்கும் என்னோடு பேசவில்லை. ஆனாலும் நான் கிளம்பும்போது ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறிக் கூமாப்பட்டிக்குப் போனேன். கௌசல்யாவின் அப்பா தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது அவருக்கு. "நெசந்தான டீச்சர்? மறுபடி மாத்திர மாட்டீகளே?" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு அது தேவைதான். கௌசல்யா குதிக்கவில்லை, சிரிக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "அந்த அக்கா என்ன சொன்னாக?" எஸ்தர் இவளைவிட ஒரு வயது சின்னவள். உயரத்தைப் பார்த்து அக்கா ஆக்கிவிட்டாள்.

பரிசளிப்பு விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில். கமிட்டியில் உட்கார்ந்து எனக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். 'தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால் முடிவுகளில் சிறு மாற்றம் செய்யப்பட்டுள்ளது.' அழகான தமிழ். யார் செய்தார்கள், யாருக்குச் செய்தார்கள், ஒன்றும் தெரியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேடையேறினேன். கீழே பார்த்தால், சோழபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தறிக்காரப் பெண்கள், ஃப்ளெக்ஸில் இருந்த மூன்று மாமாக்கள், நடுவில் எஸ்தரின் அம்மா. ஊரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், நான் சொல்கிறேனா என்று பார்க்க.

சீட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். மைக் செட்காரர் வந்து கம்பத்தில் மைக்கை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"போன வாரம் இந்த மைக்கில் ஒரு தப்பான பெயரைச் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். "ஏழாம் எண் பிள்ளை வராததை நடுவர்களிடம் சொல்ல மறந்தேன். அதனால் மார்க் எல்லாம் இடம் மாறிவிட்டது. முதலிடம் உண்மையில் கூமாப்பட்டி கௌசல்யாவுக்கு. மறந்தது நான். கூட்டியதைச் சரியாகப் பார்க்காததும் நான். மேடையில் ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்டார், அவரை அடக்கியதும் நான். சோழபுரம் எஸ்தர் எதையும் கேட்டு வாங்கவில்லை. நான் கூப்பிட்டுக் கொடுத்தேன். திருப்பிக் கேட்கப் போனபோது, அது தன்னுடையதில்லை என்று எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளிடமும் அவள் அம்மாவிடமும் இந்த மைக்கிலேயே மன்னிப்புக் கேட்கிறேன்."

 கைதட்டல் கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்தது. தறிக்காரப் பெண்கள் யாரோ. நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

விழா முடிந்ததும் ராஜினாமாக் கடிதத்தைத் தலைவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இதை நான் வச்சுக்கிறேன். அடுத்த வருஷமும் நீங்களே வந்து மணி அடிங்க. இனிமே உங்களைவிடக் கவனமா அடிக்க ஆள் கெடைக்காது" என்றார். அந்த மனிதர் அன்றைக்கு அந்த ராஜினாமாவை ஏற்றுக்கொண்டிருந்தால் அதற்குப் பிறகு நான் மணி அடித்த வருஷங்களே கிடையாது. அவருக்கும் என் நன்றி.

அடுத்த வருஷம் போட்டியில்தான் இரண்டு மணி வழக்கம் வந்தது. வராத பிள்ளைக்கு இரண்டு முறை அடிப்போம். "ஏழாம் எண் வரவில்லை" என்று மைக்கில் சொல்வோம். மூன்று நடுவர்களும் அந்த வரிசையைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எட்டாம் எண் மேடை ஏறலாம். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிஷம் ஆகும். நான் நேரம் பார்த்திருக்கிறேன்.

கௌசல்யா மதுரையில் படித்து முடித்து, இன்றைக்கு வெளியூரில் இசை ஆசிரியை. பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வாள். எஸ்தர் அந்த அடுத்த வருஷமும் வந்து பாடினாள். உங்களுக்குக் கதை முடிக்க வசதியாக அவள் முதலிடம் வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டாமிடம் வந்தாள். கேடயத்தை வாங்கிக்கொண்டு, "இது என்னோடதுதான டீச்சர்?" என்று கண்ணைச் சிமிட்டிக் கேட்டுவிட்டுப் போனாள்.

போன மாதம் சோழபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், அவள் வீட்டுக்கும் போனேன். எஸ்தர் பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டு. உங்கள் பட்டியலில் இந்த வருஷம் சோழபுரத்திலிருந்து மூன்று பெயர் இருக்கிறதே, மூன்றும் அந்தக் கொட்டகைதான். நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். தகரத்துக்கு மேல் விரித்துக் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் ஓரத்தில் தொங்கியது. சாயம் போன சிவப்பு எழுத்தில் 'குயில்' மட்டும் தெரிந்தது.

"மழைத் தண்ணிக்கு நல்லா இருக்கு டீச்சர்" என்றார் எஸ்தரின் அம்மா. இப்போது என்னோடு நன்றாகப் பேசுவார். பிறகு, "அன்னைக்கு நீங்க வராம இருந்திருந்தா இது வீட்டுக்குள்ள சொவத்துல தொங்கியிருக்கும். அதுக்குக் கீழ உக்காந்து அவ ஒரு நாளும் வாயத் தொறந்திருக்க மாட்டா" என்றார்.

 அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொட்டகைக்குள் பிள்ளைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பழக்க தோஷம், எண்ணினேன். பத்துப் பேர். இரண்டாம் வரிசையில் ஓர் இடம் காலி. எஸ்தர் சுருதிப் பெட்டியில் கையை வைத்தாள், காலி இடத்தைப் பார்த்தாள், கையை எடுத்துவிட்டாள்.

"ஏட்டி, இன்னைக்கு யாரு வரல? பேரச் சத்தமாச் சொல்லுங்க."

பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பெயரைச் சொன்னார்கள். அவள் அதை நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் சுருதியைப் போட்டாள்.